அத்தைக்கு ஒரு ஜன்னல்

“ஏம்மா, கப்பல்ல போறதுக்கு ஒரு ஆளுக்கு எவ்ளோவாம்?”

என் மாமியார் இப்படிக் கேட்டபோது நான் வாழைப்பூ ஆய்ந்து கொண்டிருந்தேன். 2022 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் பெண் பேப்பரை எடுத்துவைத்துக்கொண்டு பாட்டிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிக் கொண்டிருந்தாள். முந்தின நாள், ஜூன் 4-ஆம் தேதி, சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் ஒன்றை முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிவைத்த செய்தி. “பெரிய பணக்காரங்க போறது அத்தை” என்று சொல்லிவிட்டு நான் வாழைப்பூவில் கள்ளனை எடுக்கும் வேலையைத் தொடர்ந்தேன். அத்தை விடவில்லை. “பணக்காரங்களுக்கும் ஒரு வெலைன்னு இருக்கும்ல, அதைத்தான் கேக்கறேன்” என்றார்.

அத்தை சும்மா ஒன்றும் கேட்கமாட்டார். எங்கள் வீடு ராயபுரத்தில். என் மாமனார் 33 வருஷம் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எத்தனையோ கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கியிருக்கிறார். ஒரு கப்பலிலும் பயணம் போனதில்லை. 1974-இல் கல்யாணமாகி வந்த புதிதில், “ஒரு நாள் உன்னைச் சிதம்பரத்துல கூட்டிக்கிட்டுப் போறேன்” என்று அத்தையிடம் சொல்வாராம். அத்தை நடராஜர் கோவிலுக்குத்தான் என்று நினைத்து, கூறைப்புடவையைத் தனியாக எடுத்து வைத்தாராம்! பிறகுதான் தெரிந்தது, ‘சிதம்பரம்’ என்பது சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய பயணிகள் கப்பலின் பெயர் என்று. நாகப்பட்டினத்தில் நின்று, பினாங்கு வழியாகப் போகும். நாகப்பட்டினம் வரைக்குமாவது ஏற்றிக்கொண்டு போகிறேன் என்பது மாமனார் கொடுத்த வாக்கு. இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போய், 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் தீப்பிடித்துப் பல பேர் இறந்துபோனார்கள். அதோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தே நின்றுவிட்டது. மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதெல்லாம் இருக்கட்டும். வேறு ஒரு காரணமும் இருந்தது. அத்தைக்கு இரண்டு கண்ணிலும் க்ளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிற நோய். வலி கிடையாது, அதனால்தான் நாங்கள் கண்டுபிடிக்கும்போது பாதிக் காரியம் கெட்டிருந்தது. முதலில் போவது ஓரப் பார்வை. நேரே இருப்பது தெரியும்; பக்கத்தில் நிற்கும் ஆளோ, கால் பக்கத்துப் படியோ தெரியாது. போன பார்வை திரும்ப வராது, சொட்டு மருந்து போட்டு இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார்கள். அந்த வருஷம் ஏப்ரலில் எடுத்த பரிசோதனையில் வலது கண்ணின் வட்டம் இன்னும் சுருங்கியிருந்தது. அதை அத்தை யாரிடமும் பேசவில்லை. கப்பல் விலையை மட்டும் கேட்டார்.

என் கையில் பணம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது, ஆனால் அது வேறு காரியத்துக்கு வைத்த பணம். மாதம் 5,000 வீதம் 20 மாதச் சீட்டு, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. பதினோராவது மாதம் 9,000 தள்ளி எடுத்ததில் 91,000 கைக்கு வந்தது. வங்கியில் 80,000-க்கு அடகில் இருந்த என் இரண்டு வளையலையும் மீட்கத்தான் அந்தச் சீட்டே போட்டது. பணத்தைப் பீரோவில் வைத்துவிட்டு நான்கு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “வளையல் அங்கியே பத்திரமா இருக்கும், அம்மாவோட கண்ணு அப்படி இருக்காது” என்றார் அவர். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

அப்புறம் கணக்கு நோட்டை எடுத்தேன்.

முதலில் கப்பலைப் பற்றி. கார்டீலியா க்ரூஸஸ் என்ற இந்தக் கம்பெனி 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓட்ட ஆரம்பித்தது. கம்பெனிதான் புதுசு, கப்பல் பழையது! 1990-இல் பிரான்சில் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் கட்டி, ராயல் கரீபியன் என்ற அமெரிக்கக் கம்பெனியிடம் முப்பது வருஷம் ஓடிவிட்டு நம்மிடம் ‘எம்ப்ரஸ்’ஸாக வந்தது. பதினொரு தளம், எண்ணூறுக்குச் சற்றுக் குறைந்த அறைகள், நீளம் சுமார் 690 அடி. மேற்குக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை அதிகம் என்பதால் அந்த மாதங்களில் நம் பக்கம் வந்து ஓடுகிறது. நமக்கும் அதுதான் நல்லது. அக்டோபருக்குப் பிறகு வங்கக் கடலில் புயல் காலம். அப்போது யார் கூப்பிட்டாலும் நான் போகமாட்டேன்.

அந்த வருஷம் இரண்டு விதமான பயணம் இருந்தது. சென்னையில் ஏறி, நடுக்கடல் போய், மூன்றாம் நாள் சென்னையிலேயே இறங்குவது ஒன்று. விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று ஐந்து இரவு சுற்றுவது இன்னொன்று. கப்பலில் சூதாட்டக் கூடம் இருக்கிறது என்ற எதிர்ப்பில் புதுச்சேரி அரசு அந்த ஜூனில் அனுமதி தரவில்லை. ஆகவே சகோதரிகளே, ஊரை நம்பிக் கப்பல் டிக்கெட் எடுக்காதீர்கள். அனுமதியோ காற்றோ சரியில்லை என்றால் ஊர் விட்டுப்போகும். கடலை நம்பி எடுத்தால் அது எங்கும் போகாது. அத்தைக்கு வேண்டியதும் கடல்தான். இரண்டு இரவுப் பயணத்தைக் குறித்துக்கொண்டேன்.

அந்தமானுக்குப் போகும் அரசுக் கப்பலையும் விசாரித்தேன். பங்க் வகுப்பில் கட்டணம் மிகவும் மலிவு. ஆனால் போக மட்டும் மூன்று நாள், செங்குத்தான படிகள், பொதுக் குளியலறை. ஓரப் பார்வை இல்லாத 68 வயது அம்மாளை அதில் ஏற்ற எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி விலைக்கு வருகிறேன். இங்கேதான் நான் நன்றாக ஏமாந்தேன்.

விளம்பரத்தில் ‘ஒருவருக்கு 18,000 முதல்’ என்றிருந்தது. இந்த ‘முதல்’ என்கிற சின்ன எழுத்தைக் கவனியுங்கள். அது ஜன்னலே இல்லாத உள்ளறைக்கு, அதுவும் ஒரே அறையில் இரண்டு பேர் சேர்ந்து தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. தனி ஆளாகப் போனால் கிட்டத்தட்ட இரண்டு பேர் கட்டணம் கேட்பார்கள். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகச் சேர்ந்தால் கட்டணம் குறையும்; எங்களுக்கு அது தலைக்கு 11,500. கடல் பார்த்த ஜன்னல் அறை என்றால் முதல் இருவருக்கும் தலைக்கு 21,500. வெளியே நின்று பார்க்கப் பால்கனி வைத்த அறையின் விலையைக் கேட்டுவிட்டு நான் மூச்சுவிடவில்லை. (இவையெல்லாம் அந்த வருஷம் எங்களுக்கு வந்த தொகைகள். தேதிக்குத் தேதி, பஸ் டிக்கெட் மாதிரி இல்லாமல், தக்காளி விலை மாதிரி ஏறி இறங்கும்.)

பாரிமுனையில் ஒரு ஏஜெண்டிடம் போனேன். அத்தை, நான், பெண் மூன்று பேர் ஜன்னல் அறையில் போனால் எவ்வளவு என்று கேட்டேன். 43,000, மேலே 11,500, “மொத்தம் 54,500 மேடம்” என்றார். “எல்லாம் சேர்த்தா?” என்றேன். “எல்லாம் சேர்த்துத்தான்” என்று சிரித்தார். 15,000 முன்பணம் கட்டிவிட்டு மனசு நிறைய வந்தேன். மூன்றாம் நாள் பில் வந்தது. துறைமுகக் கட்டணம் தலைக்கு 2,500; கப்பல் சிப்பந்திகளுக்கான சேவைத் தொகை ஒருவருக்கு ஓர் இரவுக்கு 400; அதன் மேல் வரி 11,592. ஆக மொத்தம் 75,992! நான் கேட்ட ‘எல்லாம்’ வேறு, அவர் சொன்ன ‘எல்லாம்’ வேறு. சண்டை போட்டேன். “அது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன் மேடம்” என்றார். ரத்து செய்தால் முன்பணத்தில் பாதி போய்விடும் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. இனி யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: துறைமுகக் கட்டணம், சேவைத் தொகை, வரி மூன்றையும் எழுதி வாங்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன்னால் எவ்வளவு திரும்பும் என்பதையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

அன்று ராத்திரி நானும் அவரும் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான்கு பேரும் ஜன்னல் அறையில் போனால் 93,456. சீட்டுப் பணத்தைத் தாண்டிவிட்டது. நான்கு பேரும் ஜன்னல் இல்லாத அறையில் என்றால் 85,196. “பகல் பூரா மேல்தளத்துலதானே இருக்கப் போறோம், அறை தூங்கறதுக்கு மட்டும்தானே?” என்றார் அவர். வெளிச்சத்திலேயே படி தெரியாமல் தடுமாறுகிற அத்தை, விடியற்காலை இருட்டில் பதினொரு தளம் ஏறி இறங்கிக் கடல் பார்ப்பாரா? அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நான் வரல. எனக்குப் பஸ்ஸுலயே தலை சுத்தும்” என்றார். பஸ்ஸில் அவருக்குத் தலை சுற்றி நான் பார்த்ததே இல்லை.

மூன்று பேருக்கும் உள்ளறை என்றால் 67,732. ஜன்னல் ஒன்றுக்கு மட்டும் விலை 8,260 ரூபாய்! இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கூடத்தில் படுத்திருந்த அத்தையிடமிருந்து குரல் வந்தது. “எனக்குப் பாதிக் கண்ணுதானே கண்ணு. பாதி ஜன்னல் இருந்தாக் கேளு, நாலாயிரத்துல முடியும்.” மூன்று பேரும் சிரித்தோம். நான் மறுபடி கூட்டிப் பார்க்கவில்லை. முழு ஜன்னலுக்கே பணம் கட்டினேன்.

அறை எண்ணைக் கொடுக்கிறார்கள் என்று அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். தளத்தின் வரைபடம் கேட்டால் தருவார்கள். சில கப்பல்களில் ஜன்னல் அறை என்று காசு வாங்கிக்கொண்டு, ஜன்னலுக்கு நேரே உயிர்காப்புப் படகு தொங்கும். கடலுக்குப் பதில் படகின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டு வரவேண்டியதுதான். அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு; முன்முனையிலும் மேல்தளத்திலும் அதிகம். அத்தைக்காக லிப்ட் பக்கத்தில், நடுவில், தாழ்வான தளத்தில் கேட்டு வாங்கினேன். மூன்றாவது படுக்கை மேலே, ஏணி வைத்து ஏறும்படி இருக்கும். அது பெண்ணுக்கு. பதினொரு வயதில் ஏணி என்றால் அதுவே ஒரு விளையாட்டு அல்லவா?

மருந்து விஷயத்தில் பெரிய தப்புச் செய்ய இருந்தேன். கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி வந்தால் என்ன செய்வது என்று மருந்துக் கடையில் எல்லாரும் வாங்குகிற மாத்திரையை மூன்று பேருக்கும் வாங்கி வைத்துவிட்டேன். தற்செயலாக டாக்டர் அம்மாவிடம் சொன்னபோது, அத்தைக்குக் கொடுக்கவே கூடாது என்றார்கள். பயண வாந்திக்கான மாத்திரைகள் பலவும் சில வகை க்ளாக்கோமாவில் கண் அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடுமாம். வீட்டில் கண் அழுத்தம் உள்ள பெரியவர்கள் இருந்தால் தயவு செய்து இதை நினைவில் வையுங்கள். கேட்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள். அத்தைக்கு இஞ்சி மரப்பா, வெறும் வயிறாக இல்லாமல் இரண்டு பிஸ்கட், குமட்டினால் அறைக்குள் படுக்காமல் தூரத்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது, இவ்வளவுதான் வைத்தியம். அதற்கும் ஜன்னல் வேண்டியிருந்தது பாருங்கள்!

ஆகஸ்டில் ஒரு நாள் கிளம்பினோம். உள்நாட்டுப் பயணம் என்பதால் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை, ஆதார் அட்டை போதும். துறைமுகத்தில் விமான நிலையம் மாதிரி சோதனை. பெட்டிகளை முதலிலேயே வாங்கிக்கொண்டு, அறைக்கு எத்தனையோ மணி நேரம் கழித்துத்தான் கொண்டுவந்து வைக்கிறார்கள். சொட்டு மருந்தும், பி.பி. மாத்திரையும், அத்தையின் இரவுப் புடவையும் என் கைப்பையில் இருந்ததால் தப்பித்தேன். ராத்திரி ஒன்பது மணிச் சொட்டு கடலைக் கேட்டுக்கொண்டா காத்திருக்கும்?

ஏறியதும் எல்லாரையும் கூட்டி, ஆபத்து நேரத்தில் எங்கே வந்து கூட வேண்டும், உயிர்காப்புச் சட்டையை எப்படிப் போடுவது என்று காட்டினார்கள். சிலர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டுவிட்டு, “சிதம்பரத்துல இதெல்லாம் சொல்லியிருப்பாங்களா?” என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சாயங்காலம் கப்பல் நகர்ந்தபோது அத்தையை மேல்தளத்துக்குக் கூட்டிப்போய்க் கம்பியைப் பிடித்து நிற்கவைத்தேன். பக்கத்தில் இருப்பதைக் காண அத்தை தலையை முழுக்கத் திருப்பவேண்டும். கிரேன்கள், பெட்டி பெட்டியாய் அடுக்கிய சரக்கு, காசிமேட்டுப் படகுகள், தெற்கே தூரத்தில் மெரினா கலங்கரை விளக்கம் என்று ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பித் திருப்பி வாங்கிக்கொண்டார். அப்போது கப்பல் சங்கு ஊதியது. ராயபுரத்துக்காரர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. ஒவ்வொரு புது வருஷத்துக்கும் நடுராத்திரி பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களெல்லாம் ஒன்றாகச் சங்கு ஊதும். நாங்கள் மொட்டை மாடியில் நின்று கேட்போம். அத்தை காதைப் பொத்திக்கொண்டு, “நம்ம வீட்டுல இவ்ளோ சத்தமா கேக்காதே!” என்றார். பிறகு, “மாமா டூட்டி முடிஞ்சு வர்ற வழி அது” என்று ஒரு கிடங்குப் பக்கம் கை காட்டினார். எனக்கு அங்கே வழி ஒன்றும் தெரியவில்லை. நான் தலையாட்டினேன்.

சாப்பாடு கட்டணத்தில் சேர்ந்தது. இட்லி, சாம்பார் உண்டு, சைவத்துக்குக் குறைவில்லை. நீச்சல் குளமும், ராத்திரி நாடக அரங்கில் ஆட்டம் பாட்டமும் அதே கணக்கில்தான். அதற்கு மேல் குளிர்பானம், ஐஸ்க்ரீம், இன்டர்நெட் என்று தனித்தனியே போகிறது. சில மணி நேரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும். அறைச் சாவியாக ஒரு அட்டை தருகிறார்கள். எதை வாங்கினாலும் அதைக் காட்டினால் போதும், கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். என் பெண் முதல் நாளே அந்த ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அட்டையைப் பிடுங்கி என் பையில் போட்டும் இறங்கும்போது பில் 1,840! சூதாட்டக் கூடம் இருந்த பக்கம் நாங்கள் போகவில்லை.

இரண்டாம் நாள் விடியற்காலை நான்கரைக்கு விழித்துப் பார்த்தால் அத்தை படுக்கையில் இல்லை. எனக்குத் திக்கென்றது. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாரோ, படியில் விழுந்துவிட்டாரோ? விளக்கைப் போடக் கை நீட்டினேன். “போடாதே” என்றார். ஜன்னல் பக்கத்து நாற்காலியில், கண்ணாடிக்கு நேரே முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். “தூக்கம் வரல. மூணு மணி இருக்கும்.” வெளியே ஒன்றுமே தெரியாத இருட்டு. நானும் போர்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறமாகி, பிறகு கோடு பிரிந்து, கடல் தனி, வானம் தனி என்று ஆனது. அத்தை சொன்னார்: “இதுல ஓரமே இல்ல பாரும்மா. எங்க பார்த்தாலும் ஒண்ணுதான். எனக்குத் தெரியறதும் உனக்குத் தெரியறதும் ஒண்ணுதான்.”

சூரியன் எங்கள் பக்கம் உதிக்கவில்லை. கப்பலின் அந்தப் பக்கம் உதித்தது. அதை ஏஜெண்டிடம் கேட்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

வந்த பிறகு நோட்டில் எழுதி முடித்தேன். டிக்கெட் 75,992. கப்பலில் 1,840. அத்தைக்கு வழுக்காத செருப்பு 650. ஆட்டோ போக வர 600. வளையல் அடகில் இன்னும் ஒரு வருஷம் இருந்ததால் அதன் வட்டி மாதம் 600 வீதம் 7,200. அதையும் பயணச் செலவில்தான் சேர்க்க வேண்டும் அல்லவா? மொத்தம் 86,282. மீதிச் சீட்டுத் தவணையையும் கட்டி முடித்து, 2023 ஆகஸ்டில் வளையலை மீட்டேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஜூன் 5-ஆம் தேதி, அதே கப்பல் சென்னையிலிருந்து முதல் முறையாக இலங்கைக்குக் கிளம்பியது. ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று என் பெண் படித்துக் காட்டினாள். இதற்கு பாஸ்போர்ட் வேண்டும், ஐந்து இரவு, ஜன்னல் அறை என்றால் சீட்டுப் பணம் மாதிரி ஒன்றரைப் பங்கு ஆகும் என்று அத்தையிடம் நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அந்தச் சமயம் அத்தையின் வலது கண் வெளிச்சம், இருட்டு மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. இடது கண் சொட்டு மருந்துக்குக் கட்டுப்பட்டு அப்படியே நின்றது.

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“பாஸ்போர்ட்டுக்கு எவ்ளோவாம்?” என்றார்.